அக்காள்மடத்தில் முறை வைத்த இன்டர்நெட்

தங்கச்சிமடத்தில் குருநாதன் நடத்தும் இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் நூர் நிஷாவின் குரல் தெரியும், முகம் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். தெரிந்திருந்தால் மீன் வாங்கப் போன இடத்தில் நிறுத்தி வைத்துத் திட்டியிருப்பார்கள். ஆறு வருடமாகப் புகார் போனை எடுத்து எடுத்து, மன்னிப்புக் கேட்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. ஒருமுறை துபாயிலிருந்து கணவர் ஹாஜா முகைதீன் கூப்பிட்டபோது சலாம் சொல்வதற்குப் பதிலாக, “மன்னிக்கணும் சார், லைன் இப்ப வந்துரும்” என்று சொல்லிவிட்டாள். “எந்த லைனு புள்ள?” என்று அவர் கேட்டது இன்றைக்கும் வீட்டில் ஓடும் வேடிக்கை.

அவள் மீதும் தப்பில்லை, திட்டியவர்கள் மீதும் தப்பில்லை. எங்கே என்ன கெட்டாலும் யாராவது போனில் கத்தினால்தான் கம்பெனிக்கே தெரியும். தெருவுக்குத் தெரு ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். அதிலிருந்துதான் வீடுகளுக்கு இன்டர்நெட் ஒயர் பிரியும். அந்தப் பெட்டியைக் கம்பத்தில் கட்டினால் உப்புக்காற்று தின்றுவிடும் என்பதால் யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். கரண்டு அவர்களுடையது, பதிலுக்கு அவர்களுக்கு இன்டர்நெட் இலவசம். பெட்டி திணறினால் தெருவே திணறும், திட்டு மட்டும் ஒரே ஆளுக்கு வந்து சேரும்.

இந்தப் பிழைப்பு போதும் என்றுதான் நூர் நிஷா வீட்டில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு சாப்ட்வேரைப் படித்தாள். அது சிறிது நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு பெட்டியையும் விசாரிக்கும். உன் பிராசஸர் எவ்வளவு வேலை பார்க்கிறது, மெமரியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படம் போடும். நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஆள் கத்துவதற்கு முன்னால் பெட்டியே கத்திவிடும் என்பதுதான் அவள் போட்ட திட்டம்.

குருநாதன் கெட்டவர் இல்லை, ஆனால் புதுசு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற மனுஷன். “தடைக்காலம் முடியுறதுக்குள்ள புகாரு பாதியாக் குறையணும். குறைஞ்சா போன விட்டுட்டு அந்த சாப்ட்வேரப் பாத்துக்கிற சீட்டு ஒனக்கு. இல்லைன்னா அந்த சாப்ட்வேரையும் தூக்கிருவோம், நீயும் பழையபடி போனுக்கே வந்துரு” என்றார். மீன்பிடித் தடைக்காலம் என்றால் விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், படகுக்காரர்கள் எல்லாம் வீட்டில் கிடப்பார்கள், வீட்டில் கிடப்பவர்கள் கையில் போன் கிடக்கும். பெட்டிகள் மூச்சு வாங்குகிற காலம். அந்தக் காலத்தைப் போய்ப் பரீட்சைக்கு வைத்தாரே என்று அவளுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் சரி என்றாள்.

பெட்டி இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் எச்சரிக்கை போகும்படி செய்தாள். பெட்டி சூடானால் காற்றாடியைத் திருப்பி வைப்பார்கள் அல்லவா? ‘பிராசஸர் 91, மெமரி 84. கவனிக்கவும்’ என்று தமிழிலேயே போகும். கவனிக்கவும் என்று போட்டாளே தவிர, என்ன செய்து கவனிப்பது என்று போடவில்லை.

தடைக்காலம் தொடங்கிய வாரமே அதிகமாகக் கத்தியது பக்கத்து ஊர் அக்காள்மடத்தில் வேல்சாமி வீட்டுப் பெட்டி. தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று பொழுதுக்கும் செய்தி. ஆள் அனுப்ப நூர் நிஷா ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே அது அடங்கிவிட்டது. இருபதுக்குக் கீழே இறங்கியது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை. தெருவிலிருந்து புகார் வருவதும் அடியோடு நின்றது. மற்ற தெருக்களிலும் கொஞ்சம் குறைந்தது, அக்காள்மடம் சேர்ந்ததும் மொத்தப் புகார் பாதிக்கு வந்துவிட்டது. குருநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. “அந்த வேல்சாமிக்கு ஒரு பொன்னாடை போத்திட்டு வா நூரு. எப்படிப் பாத்துக்கிறாருன்னும் கேட்டுட்டு வா, மத்தவகளுக்குச் சொல்லலாம்” என்று சால்வையும் வாங்கிக் கொடுத்தார்.

வேல்சாமி முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி, விவசாயம் பார்த்தவர். மகன் பிரபாகரனுக்கு இங்கே வேலை என்பதால் மனைவி பூமயிலோடு வந்து சேர்ந்தவர். ஊரில் கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடும் பொறுப்பு அவருடையது. கண்டிப்பான ஆள் என்று பெயர். நூர் நிஷா சால்வையோடு நுழைந்தபோது பெட்டிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைக் காற்றாடி அவர் பக்கம் இல்லை, பெட்டியின் பக்கம் சுற்றியது. பெட்டியின் மேல்வரிசைத் துளைகளில் ஒயர் நிறைந்திருந்தது. கீழ்வரிசை மொத்தமும் காலி. அங்கிருந்து உருவிய ஒயர்கள் கொத்தாக ஓர் ஆணியில் தொங்கின.

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு குல்சும் வாசலில் வந்து நின்றாள். “அண்ணே, எங்க வரிசைய இன்னைக்குச் சித்த வெரசாத் தொறந்து விடுவீகளா? மகளுக்கு ஆன்லைன்ல பரீட்சையாம்.”

“பரீட்சைன்னா சரி. மதியம் வாங்குறத இப்ப வாங்கிக்க. மேல்வரிசைக்காரகட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார் வேல்சாமி.

நூர் நிஷாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் இன்டர்நெட்டுக்கு முறை வைத்திருக்கிறார். காலையில் மேல்வரிசை வீடுகளுக்கு, மதியத்துக்கு மேல் கீழ்வரிசை வீடுகளுக்கு. தெருவும் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

“அய்யா, ஏன்யா இப்படிச் செஞ்சீக?”

“நீதான தாயி கவனிக்கச் சொல்லி அனுப்புன? எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்தா தாங்கல. தொண்ணூறுங்குது. முறை வச்சேன், அடங்கிருச்சு. வீடு வீடாப் போய் நேரமும் சொல்லிட்டேன். ஒருத்தரும் மொணங்கல.”

“இத்தனை பேருல ஒருத்தராவது எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல.”

“ஒங்களுக்குப் போன் போட்டா மன்னிக்கணும்னுதான் சொல்றீகளாம். நேரம் சொல்ல மாட்டேங்கிறீகளாமே” என்றார் அவர், குற்றமாக இல்லாமல் சாதாரணமாக. அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாகவே உறைத்தது.

இந்தச் சில வீடுகளுக்குப் பெட்டி தாங்காமல் போக வழியே இல்லை. இதைவிடப் பெரிய தெருக்களில் இதே பெட்டி தூங்கிக்கொண்டே வேலை பார்க்கிறது. ஆணியில் கிடந்த ஒயர்களை அவள் ஒவ்வொன்றாக அதன் அதன் துளையில் சொருகினாள். கடைசி ஒயர் போனதும் இருவர் போனும் ஒன்றாகக் கத்தின. பிராசஸர் 93.

“பாத்தியா, நாஞ்சொல்லல?” என்றார் வேல்சாமி, வழக்கில் ஜெயித்தவர் போல.

கடைசியாகச் சொருகிய ஒயரைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுவரைத் தாண்டி எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒரு முழம்கூட இராது. ஒரு முனை மேல்வரிசையில், மறு முனை கீழ்வரிசையில். பெட்டி தான் அனுப்பியதையே தான் வாங்கி, மறுபடி அனுப்பி, மறுபடி வாங்கி, மாவில்லாத கிரைண்டர் மாதிரி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வரிசையை உருவினாலும் இந்த ஒயரின் ஒரு முனையும் சேர்ந்து உருவிக்கொள்ளும், சுற்றல் நின்றுவிடும். முறை பலித்த மர்மம் அவ்வளவுதான். அவள் அந்த ஒயரை மட்டும் பிடுங்கினாள். தெரு மொத்தமும் ஓட, எண் 19 என்று வந்து நின்றது.

வேல்சாமி எண்ணைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த பூமயில், “அது நாஞ்சொருகுனது. ஒங்க ஆளுக சோதிச்சுட்டு ஒரு முனையத் தொங்கவிட்டுட்டுப் போயிருந்தாக. தூசி தட்டையில அசிங்கமா இருந்துச்சு, பக்கத்துல ஒரு ஓட்டை காலியாக் கெடந்துச்சு” என்றாள்.

“தொங்க விட்டது எங்க தப்புத்தாம்மா” என்றாள் நூர் நிஷா. வேல்சாமி முகம் தொங்கிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், கொண்டு வந்த சால்வையை அவர் தோளில் போர்த்தினாள். “பெட்டிய யாரும் இப்படிக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டதில்லய்யா. இனிமே ஒயரத் தொடுறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.” அவர் சால்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, “காபி குடிச்சுட்டுப் போ தாயி” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. குருநாதன் சீட்டைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். பெட்டி சரியாகிவிட்டது, தெருவுக்கும் குறை தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் புகார் போன் இன்றோடு ஒழிந்தது. ஆசை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் ஆபீஸ் படியேறியதும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டாள்.

குருநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இத்தனை நாளா அந்தத் தெரு பாதி நேரம் நெட்டு இல்லாமத்தான் கெடந்துச்சா?”

“ஆமாண்ணே. அக்காள்மடத்தக் கணக்குல சேக்காதீக. அத விட்டா பாதிக்குக் குறையல.”

“ஒருத்தன்கூட நமக்குப் போன் பண்ணலையே?”

“அவரு எப்பப் போகும், எப்ப வரும்னு முன்னாடியே சொல்லிட்டுல்ல நிறுத்துனாரு. நாம என்னைக்குண்ணே சொல்லிருக்கோம்? அலாரம் நமக்கு மட்டும் அடிச்சா அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

அவர் பதில் சொல்லுமுன் அவள் போன் கத்தியது. பாம்பனில் ஒரு பெட்டி. மெமரி 88. நிரம்பி வழிவதற்குள் நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும், அதற்குள் ஐந்து நிமிடம் இணைப்பு இருக்காது. மற்ற நாளாக இருந்தால் சத்தம் காட்டாமல் நிறுத்திவிட்டுத் திட்டு வாங்க உட்கார்ந்துவிடுவாள். இன்று புகார் போனைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெட்டியிலிருந்து ஒயர் போகும் வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்தாள். “சொல்லிட்டுச் செய்வோம்னுதான் கூப்பிட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம் நெட் இருக்காது. தானா வந்துரும்.”

கடைசியாக அழைத்தது ஒரு படகுக்காரப் பெரியவரை. ஆறு வருடமாக அவளை அதிகமாகத் திட்டிய வாய் அது. பழக்கதோஷத்தில் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டாள்.

“சரி ஆத்தா. சொன்னியே, அது போதும்” என்றார் அவர். “நீ சாப்புட்டியா?”

“இன்னும் இல்ல அய்யா” என்றாள், போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு.

பெட்டியை நிறுத்தி ஓட்டினாள். மெமரி கீழே இறங்கியது. குருநாதன் புகார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, அது அடிக்கவே இல்லை. அவர் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

“வர்ற புகார் போன எடுக்க நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன். நீ அந்த அலாரத்தப் பாத்து இப்படியே முன்னாடி கூப்பிட்டுச் சொல்லு நூரு” என்றார். “மொதல்ல போய்ச் சாப்பிடு.”