நாலாம்மாடியின் பின்னூட்டங்கள்

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக இணையத்தில் இருக்கிறார். சொந்தமாக ஒரு பதிவு எழுதியதில்லை. வலைப்பூ கிடையாது, பிறந்தநாள் படம் கிடையாது, ஜன்னலோர மழையைக்கூடப் படம் பிடித்துப் போட்டது கிடையாது. எழுதியதெல்லாம் அடுத்தவர் எழுதியதற்குக் கீழே. வெறும் பின்னூட்டம். எத்தனை இருக்கும் என்று ஒருமுறை மகள் எண்ண ஆரம்பித்தாள். நாலாயிரத்தைத் தாண்டியதும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

வேலைவெட்டி இல்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் மெக்கானிக். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிரீஸ் வாசனையோடு வந்து நிற்பார். கட்டடத்து உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில், ஒரு நோட்டு தொங்குமாம். போகிற மெக்கானிக் தான் பார்த்ததை அதில் எழுத வேண்டும். அவர் கம்பெனியில் ஒரே ஒரு கண்டிப்பு: ‘எல்லாம் சரி’ என்று மட்டும் எழுதக்கூடாது. அப்படி எழுதினால் மேலே ஏறாமலே எழுதினான் என்று அர்த்தம். மூன்றாம் மாடிக் கதவு கிறீச்சிடுகிறது, உள்ளே மின்விசிறி ஆடுகிறது, இப்படி எதையாவது பார்த்து எழுது.

இவர் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் முந்தின நாளே போய் ஒரு பல்பைத் திருகி லூசாக்கி வைத்துவிட்டு வருவாராம். பார்த்தவன் எழுதுவான், பார்க்காதவன் மாட்டுவான். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் மகளுக்குச் சோறு ஊட்டினார். மற்ற பிள்ளைகளெல்லாம் ராஜா ராணி கதை கேட்டு வளர்ந்தன. எங்கள் வீட்டில் லூஸ் பல்பு.

மகளின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில்தான் இந்த வினை பிடித்தது. யாரோ ஒரு பதிவர், லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்ட கதையை எழுதியிருந்தார். கயிறு அறுந்து விழுந்து செத்திருப்பேன் என்று முடித்திருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. கயிறு ஒன்றல்ல, ஐந்து, அதில் ஒன்றே அத்தனை பேரையும் தாங்கும் என்று ஆரம்பித்து, பதிவைவிட நீளமாகப் பதில் அடித்தார். பெயர் என்ன என்று பின்னூட்டப் பெட்டி கேட்டது. அன்று முழுக்க ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் கிடந்துவிட்டு வந்த மனிதர், ‘நாலாம்மாடி’ என்று தட்டிவிட்டார். மறுநாள் அந்தப் பதிவர், “நன்றி நாலாம்மாடி, இனிமே பயமில்லாம ஏறுவேன்” என்று பதில் போட்டிருந்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

அந்த நாட்களில் பின்னூட்டப் பெட்டிகள் ஜேஜே என்றிருக்கும். பதிவு வந்த ஐந்தாவது நிமிடம் ஒருவர் ‘உள்ளேன் ஐயா’ போடுவார். ‘மீ த ஃபர்ஸ்ட்’ என்று இன்னொருவர் ஓடிவந்து இரண்டாவது ஆவார். பிறகு நாலு பேர் கூடி, பதிவை விட்டுவிட்டு வேறு எதையோ பற்றிக் கும்மியடிப்பார்கள். இவர் அந்தக் கூத்தில் சேரமாட்டார். முழுதாகப் படிப்பார், ஒன்றைப் பார்ப்பார், எழுதுவார். ஒரு கவிஞரின் கீழே, “மூன்றாவது வரியில் மழை பெய்கிறது. ஏழாவது வரியில் மொட்டைமாடியில் துணி காய்கிறது. கவனிக்கவும்” என்று எழுதினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கவிஞரோ கவிதையைத் திருத்திவிட்டு, அடுத்த கவிதையிலிருந்து, “நாலாம்மாடி வந்து பார்க்காமல் எனக்குத் திருப்தி இல்லை” என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒருமுறை பதிவர் சந்திப்பு என்று ஒரு கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாசலில் பெயரைச் சொன்னதும், “நீங்கதானா அந்த நாலாம்மாடி” என்று ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது. வலைப்பூ வைத்திருந்தவர்கள் ஓரமாக நிற்க, ஒன்றுமே எழுதாத என் வீட்டுக்காரரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, “இந்தச் சட்டையிலயா போறது, காலர் கிழிஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒவ்வொருவராக வலைப்பூவைப் பூட்டிக்கொண்டு முகநூலுக்குப் போனார்கள். இவரும் பின்னாலேயே போனார். அங்கே கட்டைவிரல் வந்தது, இதயம் வந்தது. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

“தட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு பதிலா? படிச்சானா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்றார். இன்றுவரை தட்டமாட்டேன் என்று பிடிவாதம். வாட்ஸ்அப்பில் என் அண்ணன் குடும்பக் குழு ஆரம்பித்து, தினமும் காலையில் வணக்கத்தோடு ஒரு பூவை அனுப்பினார். இவர் பத்து நாள் பார்த்தார். பதினோராவது நாள், “இது செவ்வாய்க்கிழமை வந்த அதே ரோஜா” என்று எழுதினார். என் அண்ணன் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். எனக்கும் அண்ணிக்கும் அதனால் இரண்டு மாதம் பேச்சில்லை.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். மகள் விஷயத்தில்தான் பொறுக்க முடியாமல் போனது.

மகள் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஒற்றை அறை பிடித்து, இரண்டு தையல் மெஷின் போட்டு, பை தைக்கும் கடை வைத்தாள். பள்ளிக்கூடப் பை, மடிக்கணினிப் பை, பயணப் பை. கடைக்கு நேராக வருகிறவர்கள் குறைவு. படம் போடும் செயலியில் கடைக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தாள், அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். படம் போட்டால் இதயமும் கைதட்டலுமாக, ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ என்று கொட்டும். நடுவில் ஒன்று: “இடது வார் வலது வாரைவிட ஒரு விரல் நீளம். கைப்பிடியில் நான்கு தையல் ஓட வேண்டும், மூன்றுதான் தெரிகிறது. – நாலாம்மாடி.”

பெற்ற அப்பன்தான் இது என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. “பாஸ், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “இருக்கிறது. ஐந்தரைக்கு முடிந்துவிட்டது” என்று இவர் மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தார்.

“வீட்டுல என்கிட்ட நேரா சொல்லலாம்ல அம்மா? ஊர் பார்க்க எழுதணுமா?” என்று மகள் குதிப்பாள். குதித்துக்கொண்டே அன்று சாயங்காலத்துக்குள் வாரைப் பிரித்துத் தைத்தும் விடுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஒரு புதுப் பையை மூன்று வாரம் மாற்றி மாற்றித் தைத்து, வீடியோ எடுத்துப் போட்டாள். அந்தப் பருவமே அந்தப் பையை நம்பித்தான் இருந்தது. முதல் பின்னூட்டம் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? “எட்டாவது நொடியில் நிறுத்திப் பார்க்கவும். ஜிப் முனையில் துணி மடிப்பு சிக்குகிறது.” ஊரே எட்டாவது நொடியில் நிறுத்திப் பார்த்தது. ஆமாம், சிக்குகிறது என்று முப்பது பேர். இரண்டு ஆர்டர் அன்றே ரத்தானது.

மகள் கடையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“அவர பிளாக் பண்ணு” என்றேன்.

“என்னால முடியாதும்மா” என்று போனை என்னிடம் நீட்டினாள்.

என் விரலால் நான்தான் அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவர் அந்தப் பக்கத்தில் எழுதியது அத்தனையும் ஒரே அழுத்தில் காணாமல் போனது.

அன்று சாயங்காலம் வந்தார், கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தார். நான் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. போனை அணைத்துப் போட்டார். மறுபடி திறந்தார். பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“இன்னிக்கு அவ கடைக்குப் போனியா?”

“இல்லையே, ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

கண்டுபிடித்துவிட்டார், இனி வீட்டில் பூகம்பம் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சாப்பிடும்போது மகளைப் பார்த்து, “எந்தத் தொழிலும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாரா, மன்னிக்கிறாரா, எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, மகள் கிளம்பிப் போனதும், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவகிட்ட நீ எதுவும் கேக்காத. கடைய மூடிட்டா. பக்கத்தையே எடுத்துட்டா, நான் பார்த்தேன். நம்மகிட்ட சொல்ல முடியாம, தினம் கடைக்குப் போற மாதிரி கிளம்பிப் போறா பாவம். எங்க போய் உக்காந்திருக்காளோ.” கையிலிருந்த போனைப் பார்த்தார். “நான் அந்த எட்டாவது நொடிய எழுதாம இருந்திருக்கலாம்.”

பிளாக் செய்தால் அந்தப் பக்கமே கண்ணில் படாது. சொந்த மகள் தன்னைத் தடுத்திருப்பாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கடை போய்விட்டது என்றுதான் தோன்றியிருக்கிறது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தினம் வாய் ஓயாத எனக்கு அன்று வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் மகளுக்கு ஒத்தாசையாகக் கடையில் இருந்தேன். உள்ளே ஒரு அம்மாவும் பெண்ணும் பை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. அவர்தான். கம்பெனியிலிருந்து வாங்கிவந்த அட்டைப்பெட்டிகளை மடித்து ஒரு கக்கத்தில், பெரிய டேப்பு உருளை மறுகையில். மூடிவிட்ட கடையின் சாமான்களைக் கட்ட உதவி செய்ய வந்திருக்கிறார்.

மெஷின் நின்றது. அவர் மெஷினைப் பார்த்தார், வாடிக்கையாளரைப் பார்த்தார், சுவர் முழுக்கத் தொங்கும் பைகளைப் பார்த்தார்.

“கடை... இருக்கா?”

“இருக்குப்பா” என்றாள் மகள்.

“அப்ப பக்கம் எங்க போச்சு?”

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் தலையில் இதைப் போட எனக்கு மனசில்லை. “பக்கம் அங்கேயேதான் இருக்கு. நான்தான் உங்கள பிளாக் பண்ணேன். அவ இல்ல, நான்” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

“அப்ப கடை மூடலையே?”

“மூடலங்க.”

“நல்லதாப் போச்சு” என்றார். முகமெல்லாம் அப்படி ஒரு நிம்மதி. “நான் மூணு நாளா சரியாச் சாப்பிடல.” பெட்டிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். “இது இருக்கட்டும், அனுப்பற பைக்கெல்லாம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் அம்மா என்னையே பார்த்தாள். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்றே தடையை எடுத்தோம். எடுத்தாலும் போன பின்னூட்டங்கள் திரும்பி வரவில்லை. புதிதாகவும் வரவில்லை. மகள் படம் போட்டாள், வீடியோ போட்டாள், நாலாம்மாடி வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாவது நாள் கடையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

“அம்மா, அப்பா ஹார்ட் போட்டிருக்காரு.”

“என்னது?”

“எல்லாப் படத்துக்கும். வரிசையா.”

சாயங்காலம் அவர் வந்ததும் சண்டைக்கே போனேன். “ஏங்க, இருபது வருஷமா தட்டமாட்டேன்னு இருந்துட்டு, இப்ப என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?”

“எல்லாரும் அதத்தானே போடறாங்க? அவளுக்கும் அதான் பிடிக்குது. அப்பன் போட்டா மட்டும் ஆகாதா?” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், கோபமே இல்லை. படித்தானா இல்லையா என்றே தெரியாத ஒரு இதயத்தை என் வீட்டுக்காரர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த விரலை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது எனக்கு. அவர் விரலை இல்லை, என் விரலை.

மகளிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் கடையில், என் கண்ணெதிரே ஒரு நீலப் பையை எடுத்து, இடது பக்கக் கொக்கியை மட்டும் பிரித்து, தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

“என்னடி பண்ற?”

“பல்ப லூசாக்கறேன்” என்றாள்.

படத்தைச் சரியாக ஐந்தரைக்குப் போட்டாள். கொட்டியது. சூப்பர் அக்கா. வேற லெவல். எனக்கும் ஒன்று வேண்டும். நாற்பது பேர், ஐம்பது பேர், ஒருவர் கண்ணிலும் கொக்கி படவில்லை. ஐந்தே முக்காலுக்கு நாலாம்மாடியின் இதயம் வந்து விழுந்தது. மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்து நான்தான் போனை எடுத்தேன். “ஏய், இங்க பாரு” என்றேன். இதயத்தைக் காணவில்லை. அவரே எடுத்துவிட்டிருக்கிறார். கீழே எழுத்து வந்திருந்தது:

“இடது கொக்கி தலைகீழ். கைத்தவறு இல்லை, தையல் நேராக ஓடியிருக்கிறது. பல்பை லூசாக்கினவளுக்கு: பார்த்துவிட்டேன். வாங்குகிறவர் கைக்குப் போகுமுன் சரி செய்யவும். – நாலாம்மாடி.”

“என்ன பல்பு பாஸ்?” என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. மகள் வாய்விட்டு அழுதுகொண்டே, தையல் பிரிக்கிற ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.