அம்மைப்பால் காயும்வரை

ஆவுடையப்பன் குழந்தையின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏழு நாளுக்கு முன் அவர் ஊசியைத் திருகிய இரண்டு இடங்களும் சுத்தமாக ஆறியிருந்தன. கொப்புளம் இல்லை. அம்மைப்பால் பிடிக்கவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளே பெரியம்மை.

“தொடைச்சியா, தங்கச்சி?”

பொன்னுத்தாய் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுடைய நாத்தனார் முத்துமாரியம்மாள்தான் பதில் சொன்னாள்.

“நாந்தான் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னேன். ஆத்தா தெருவுல எறங்கியிருக்கையில கையைக் கீறி வச்சா சும்மா இருப்பாளா?”

பதினான்கு வருடமாக, கட்டுமாவடி முதல் ஜெகதாப்பட்டினம் வரை மணலில் நடந்து அம்மை குத்துகிறவர் அவர். சொந்த ஊர் குடுமியான்மலை. எட்டு வயதில் வந்த அம்மை முகம் முழுக்கக் குழி வைத்துப் போயிருந்தது. அவரைக் கண்டதும் பிள்ளைகள் படகுக்கடியில் ஒளிவார்கள். பெண்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே சோறும் போடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மனைவிக்கே குத்தியவர். அந்த அம்மாள் இன்றைக்கும் தழும்பைக் காட்டிச் சிரிப்பாள்.

“ஆத்தாவை நான் ஒண்ணும் சொல்லலை. நான் சொல்றது வைரஸை,” என்றார். “மேல ஒரு ஓடு, உள்ள ஒரு நூலு. தன்னை மாதிரி இன்னொண்ணு எப்படிச் செய்யணும்ங்கிற வெவரம் அந்த நூல்ல இருக்கு. வாயில்லை, வயிறில்லை. வெளிய கெடந்தா தூசி மாதிரி சும்மா கெடக்கும். நம்ம ஒடம்பு பூராம் சின்னச் சின்ன அறை. அதுல ஒண்ணுக்குள்ள பூந்துட்டா ஓட்டைக் கழட்டிப் போட்டுரும். அங்க இருக்கிற சாமானை வச்சே தன்னை மாதிரி ஆயிரம் செய்ய வைக்கும். அம்புட்டும் அறையை ஒடைச்சுக்கிட்டு அடுத்த அறைக்குப் போகும்.”

“எங்க கொழுந்தன் கதையால்ல இருக்கு. ஒத்தையா வந்து ஒரு ரூமைப் பிடிச்சாரு. இப்ப எட்டு உருப்படி, எம் பானையில சோறில்லை,” என்றாள் முத்துமாரியம்மாள்.

பொன்னுத்தாய் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “அதையே எதுக்குங்க எம் பிள்ளைக்குள்ள விடுறீங்க?”

“இது அது இல்லை, அதோட சாதுவான சொந்தம். இதைப் பாத்துப் பழகின ஒடம்பு, அது வந்தா வாசல்லயே மறிச்சிரும். ஆனா இது உள்ள போயிக் கொஞ்சம் பெருகணும். இது உள்ள போகுமுன்னயே நீங்க கழுவிட்டீங்க.”

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா?” என்றாள் முத்துமாரியம்மாள்.

“எம்மேல கோவிக்கட்டும். இந்த மூஞ்சில இனிக் குழி விழ எடமில்லை.”

முத்துமாரியம்மாள் அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். “வெயில்ல நிக்காதீங்க. இங்கிட்டு வாங்க,” என்றாள்.

ஐஸ் கரைந்துகொண்டிருந்த பிளாஸ்கிலிருந்து அம்மைப்பால் குழாய் ஒன்றை எடுத்து, பாலைக் குழந்தையின் கையில் சொட்டி ஊசியால் குத்தினார். குழந்தை வீறிட்டது. வெயில் படாமல் குடையைச் சாய்த்து, பால் காயும்வரை அந்தப் பிஞ்சு மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தை மூத்திரம் போய் அவர் வேட்டி நனைந்தது. நகரவில்லை.

முத்துமாரியம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பொன்னுத்தாய் குழந்தையின் கையை மறைத்தாள். முத்துமாரியம்மாளோ குனிந்து தண்ணீரை அவருடைய காலில் ஊற்றினாள்.

“ஆத்தாவுக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. பிள்ளை கையைக் கழுவலை, விடுங்க.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தார். கையில் மஞ்சள் இல்லை. குத்திய இடம் லேசாகச் சிவந்திருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஐந்தாறு நாள் போக வேண்டும் என்றார். அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது பேருக்குக் குத்தினார். பதினொரு மணி பஸ்ஸில் மணமேல்குடிக்குப் போனார்.