பிலாத்து கை கழுவிய தண்ணீர்

சிலுவைக் காட்சியில் மேடை மெல்ல மெல்ல இருள வேண்டும். போன வருஷம் விளக்கு பட்டென்று அணைந்துவிட்டது. கரண்டு போய்விட்டதென்று கூட்டம் விசிலடித்தது. "இந்தத் தடவையும் அப்படின்னா, அடுத்த வருஷம் டியூப் லைட்டே போதும்டா" என்று நாடகத்தை நடத்தும் அற்புதசாமி சார் சொல்லிவிட்டார்.

அது எழுபத்தெட்டாம் வருஷத் தவக்காலம். தைரியராஜ் இயற்பியல் கடைசி வருஷ மாணவன். கல்லூரியில் எந்த நாடகமானாலும் விளக்கு அவன் தலையில்தான். பெரிய கடைவீதி கியாசுதீன் பாயிடம் கெஞ்சி விளக்குகளை வாடகைக்கு வாங்கி வர வேண்டும், ஏணியில் ஏறிக் கட்ட வேண்டும். ஃப்யூஸ் போனால் திட்டும் அவனுக்கே. அன்று காலையிலிருந்து ஒரு பன்னும் டீயும்தான். கால் இரண்டும் கடுத்தன.

வெளிச்சத்தைக் குறைக்க அவனிடம் இருந்தது ஒரு பீங்கான் ஜாடி உப்புத் தண்ணீர். அதற்குள் ஒரு தகடு கிடந்தது. இன்னொரு தகடு கயிற்றில் தொங்கியது. கயிற்றை இழுத்துத் தகட்டை மேலே தூக்கத் தூக்க விளக்கு மங்கும். ஆனால் கரண்டு ஓட ஓடத் தண்ணீர் கொதித்து வற்றும். வற்றிய ஜாடியில் தகட்டைத் தூக்கினால் பாதியிலேயே பட்டென்று அணையும். போன வருஷம் நடந்தது அதுதான். அதனால் ஊற்றுவதற்கென்று பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருந்தான்.

இயேசு சிலுவையோடு மேடை ஏறியபோது ஜாடி பாதியாகியிருந்தது. தைரியராஜ் வாளியைத் தொட்டான். காலி.

"டேய், வாளித் தண்ணி எங்கடா?"

இயேசுவுக்குத் தீர்ப்பு சொல்லும் ஆளுநர் பிலாத்து வேஷத்தில் இருந்த அமிர்தசாமி திரும்பினான். "கை கழுவுற சீனுக்கு எடுத்தேன் மாப்ள. தண்ணிதானே!"

"தண்ணிதானேயா? அந்த பேசின் எங்க?"

தங்கத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் பேசின் திரைக்குப் பின்னால் கிடந்தது. பவுடரும் செஞ்சாயமும் கரைந்த தண்ணீர். தைரியராஜ் ஷாக் அடிக்காமலிருக்க மரப்பலகைமேல் நின்று, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு ஊற்றினான். ஜாடி உஸ்ஸென்று ஆவி விட்டது.

கயிற்றை விரல் விரலாக இழுத்தான். மேடை மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, இருண்டது. விசில் இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் இயேசுவைச் சூழ்ந்துகொண்டார்கள். அற்புதசாமி சாரும் இயேசுவாக நடித்தவனைத்தான் தட்டிக்கொடுத்தார். தைரியராஜின் அம்மா பாக்கியமேரி மட்டும் மேடைக்குப் பின்னால் தேடி வந்தாள்.

"உன்னைக் காணவே இல்லையேடா. கடைசியில மேகம் மூடுன மாதிரி இருட்டுச்சே, அப்பவாவது பார்த்தியா? நெஞ்சே அடைச்சுப்போச்சு."

"இல்லம்மா, வேலையா இருந்தேன்" என்றான் தைரியராஜ். ஜாடி இன்னும் சுட்டது. ஆறினால்தான் கட்டி எடுத்துப்போக முடியும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.