இடப்பக்கப் பின்னல்

என் கணவருக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டியிருந்தேன். அதற்குச் சாட்சி என் மகளின் தலைமுடி.

மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம். காலையில் கட்டிலை விட்டு எழவே முடியாது. கணவர் விடிவதற்குள் ஃபேக்டரிக்குப் போய்விடுவார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மது தலையை வாராமலே ஸ்கூலுக்குக் கிளம்புவாள். சாயங்காலம் இரட்டைப் பின்னலோடு திரும்புவாள். வலப்பக்கம் இறுக்கமாக, ரிப்பன் பூவோடு இருக்கும். இடப்பக்கம் மட்டும் பாதி அவிழ்ந்து தொங்கும்.

"யாருடி பின்னி விட்டது?"

"யாரும் இல்லம்மா."

அப்பா சொல்லிக்கொடுத்த பொய் என்றே நினைத்தேன். நான் படுத்துக் கிடக்கும்போதே என் இடத்துக்கு எவளையோ கொண்டுவரப் பார்க்கிறார்.

ஒருநாள் காலை, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மதுவின் பின்னாலேயே படியிறங்கினேன். அவள் நேராகக் கீழ் வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கே புதிதாகக் குடிவந்த நஸீமா கையில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"என் பொண்ணு தலையில உங்களுக்கு என்னங்க வேலை?"

நஸீமா கோபப்படவில்லை. "அவளாத்தான் வந்து கேட்டா. பின்னாமப் போனா மிஸ் திட்டுறாங்களாம். ஆனா ஒரு பக்கம்தான் என்னைப் பின்ன விடுவா. இன்னொன்னு உங்களுக்காம். நீங்க எந்திரிக்கிற வரைக்கும் அவளே பின்னிக்குவாளாம்."

சீப்பை என்னிடம் நீட்டினாள். அன்று நான் பின்னிய இடப்பக்கம் கோணலாகத்தான் வந்தது.

எழ முடியாத காலைகள் இப்போதும் உண்டு. அன்றைக்கெல்லாம் மது இடப்பக்கம் அவிழ்ந்துதான் திரும்புவாள். அதைப் பார்த்தால் இப்போது சந்தேகம் வருவதில்லை. என் இடத்தை அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.