ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்

கணவர் சவூதியில் இருந்த காலம். அவர் வாங்கிப்போட்ட பழைய காரை நான்தான் ஓட்டுவேன். நான் ஓட்டுவதை நம்பி மாமியார் மட்டும் அதில் ஏற மாட்டார்.

ஓர் அடைமழை நாளில், இருட்டும் நேரத்தில் நாத்தனாருக்குப் பிரசவ வலி கண்டது. வேறு வழியில்லாமல் மாமியும் ஏறினார். திருவாரூர் போகும் வாய்க்கால் கரைச் சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இறங்கித் துடைத்தேன், தெளியவில்லை. விளக்குக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அடியில் தண்ணீரும் தேங்கி நின்றது.

சாலை எது, வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. பின்சீட்டில் நாத்தனார் அலறினாள்.

“மாமி, எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

மாமி இறங்கினார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் நடுரோட்டுல நடக்குறேன். என்னைப் பாத்து ஓட்டிட்டு வாம்மா.”

அந்த மங்கலில் வெள்ளை மட்டும் தெரிந்தது. பிரேக்கில் காலை வைத்தபடியே அதன் பின்னால் காரை மெல்ல நகர்த்தினேன். கடைத்தெரு விளக்குகள் வரும்வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மழை விட்டதும் மெக்கானிக் விளக்கைக் கழற்றிக் காயவைத்து, பின்பக்கம் புது ரப்பர் மூடி போட்டார்.

மாமி அன்று என்னை நம்பினாரா, மகளுக்காகத் துணிந்தாரா என்று நான் கேட்டதில்லை. என் காருக்கு முதுகைக் காட்டி அவர் நடந்த அந்தத் தூரத்தில்தான் நான் நிஜமாகவே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.