பவுர்சாக் நுழைந்த துளை

இது கதை இல்லை. கதையாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சென்ற ஜனவரியில், கரகண்டா நகரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இதே தரைத்தள வீட்டில், எனக்கே நடந்தது.

என் மகள் ஜிபெக்குக்கு மறுநாள் காலை இதய அறுவைச் சிகிச்சை. ஊரெல்லாம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் பெற்றவளைக்கூட உள்ளே விடவில்லை. போனில்தான் பேச்சு.

"அம்மா, குர்த்தும் பவுர்சாக்கும் கூண்டுலயே கெடந்தா ஏங்கிப்போயிடும். என் ரூம்ல கொஞ்சம் ஓட விடு. ஏழு மணிக்கு வீடியோவுல ரெண்டையும் காட்டணும்."

"காட்டறேன்டி, கண்ணு."

"அதுங்க பத்திரமா இருந்தா நானும் பத்திரமா வந்துடுவேன். அப்படித்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

ஒன்பது வயசுப் பிள்ளை. வேண்டிக்கொள்ள வேறெதுவும் கிடைக்கவில்லையா என்று மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் ஆறு மணிக்கே அவள் அறைக்குள் போனேன்.

இரண்டும் ஜெர்பில்கள். உள்ளங்கையளவு, வால் நீண்ட புல்வெளி எலிகள். அறையிலிருந்த ஒயர்களையெல்லாம் கழற்றி மேலே வைத்தேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். அலமாரிக்கு அடியில் புத்தகங்களை அடைத்தேன். மிதித்துவிடக் கூடாதே என்று தரையிலேயே உட்கார்ந்துகொண்டு கூண்டைத் திறந்தேன். மணி ஆறு இருபது. வெளியே எப்போதோ இருட்டிவிட்டது.

குர்த் என் மடியில் ஏறி இறங்கியது. பவுர்சாக் போர்வையைப் பிடித்துக் கட்டில்மேல் ஏறியது. திடீரென்று குர்த் நிமிர்ந்து நின்று பின்னங்காலால் தரையைத் தட்டியது.

டக்-டக்.

பயந்தால் ஜெர்பில் அப்படித்தான் தட்டும். புதிதல்ல. ஆனால் கட்டிலை ஒட்டிச் சுவரில் தொங்கும் கம்பளத்துக்குப் பின்னாலிருந்து...

டக்-டக்.

பவுர்சாக்காக இருக்கும் என்று திரும்பினேன். அது கட்டில் மேல்தான் நின்றது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுவதற்குள் கம்பளத்தின் அடியில் புகுந்துவிட்டது.

தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்த நான் சுவரைப் பார்க்கவில்லை!

கம்பளத்தைப் பிய்த்து இழுத்தேன். சுவரில் ஒரு துளை. இரண்டு விரல் நுழையும். அதிலிருந்து முகத்தில் பனிக்காற்று அடித்தது. அது கட்டடத்தின் கடைசிச் சுவர். அந்தப் பக்கம் வெறும் பொட்டல், பனி, தெருப் பூனைகள்.

சூரியகாந்தி விதை வைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆறு ஐம்பது... என் மகளுக்கு எதைக் காட்டுவேன்? துளையில் வாயை வைத்து அழுதேன்.

"குடுத்துடு... யாரா இருந்தாலும் குடுத்துடு. அது என் பொண்ணோட உயிரு."

சுவரைத் தட்டினேன். டக்-டக்.

பதில் வந்தது. டக்-டக்.

பவுர்சாக்கின் தலை தெரிந்தது. ஆனால் அது நடக்கவில்லை...

பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள்.

இரண்டு விரல்கள்.

சின்ன விரல்கள். நகமில்லை.

போன் அடித்தது.

பவுர்சாக்கின் உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஆனால் யாரோ கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல் கதகதப்பாக இருந்தது. இரண்டையும் காட்டினேன். ஜிபெக் சிரித்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் வீடு திரும்புமுன் துளைக்குப் பலகை அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். ஓர் அடி அடித்தேன். உள்ளிருந்து ஓர் அடி.

மாடி வீட்டு ராபிகா அக்காவிடம் ஓடினேன். அவள் என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள்.

"அடைச்சிட்டியா?"

"இல்லக்கா."

"முன்னாடி அந்தப் பக்கமும் இதே கட்டடந்தான் நீண்டு இருந்துச்சு. கேஸ் வெடிச்சு மொத்தமா இடிஞ்சு விழுந்துது. கீழ்வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு... ரெண்டு நாளு உன் சொவத்துல தட்டற சத்தம் கேட்டுச்சு. அவ எலி வளர்த்தா. எலிதான் காலத் தட்டுதுன்னு இருந்துட்டோம். தோண்டி எடுத்தப்போ அவ ரெண்டு விரல் அந்தத் துளையிலதான் இருந்துச்சு."

"அவ எலி?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது வெடிக்கறதுக்கு முந்தின வாரமே செத்துப்போச்சாம். எங்களுக்கு அப்புறந்தான் தெரியும்."