எட்டு நிமிடமும் ஒரு பொன்னாடையும்

மேடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவருடைய சமையலறையில் இருந்த முட்டை அவிக்க நேரம் வைக்கும் மணிதான். அதை வைத்து அவர் முட்டை அவித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டு நிமிடத்துக்குத் திருகி மேசையில் வைத்துவிட்டு, "ம், சொல்லு" என்பார். அது அடிப்பதற்குள் என் தம்பியின் கதையை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டும். இலங்கையில் கடைசிச் சண்டை முடிந்தபோது அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை அவன். பிறகு அவனை யாரும் காணவில்லை.

வாரத்தில் மூன்று நாள் மொன்ட்ரியாலில் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோ பிடித்து, டவுன்டவுனில் இருந்த மேடத்தின் வீட்டுக்கு உதவிக்குப் போவேன். பெல்பாஸ்டில் பிறந்தவர். அயர்லாந்து ஒரே நாடாக வேண்டும் என்று லண்டன் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நெருக்குதல் கொடுத்த சில எம்.பி.க்களின் குழுவுக்குப் பல வருடம் செயலாளராக இருந்து, வயதான பிறகு மகளோடு மொன்ட்ரியாலுக்கு வந்தவர். "இவ்வளவு வேலை செய்தும் நாடு ஒன்றாகவில்லையே மேடம்?" என்று சீண்டினால், "என்னுடைய தட்டச்சில் பிழை இருக்கவில்லை" என்பார் முகத்தைத் தூக்கிக்கொண்டு.

எங்கள் தமிழ்ச் சங்கம் முதன்முறை இங்கத்தைய கனடா எம்.பி.யைச் சந்தித்த கதையை அவரிடம் சொன்னேன். தம்பியின் கோப்போடு நானும் போயிருந்தேன். சங்கத் தலைவர் அண்ணை, "தங்கச்சி, முதல்லை மரியாதை, பேந்து கதை" என்றார். மாலை போட்டோம். பொன்னாடை போர்த்தினோம். நன்றியுரை வாசித்தோம். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்து முடிய, அடுத்த கூட்டம் என்று எம்.பி.யை யாரோ வந்து கூட்டிப்போனார்கள். கோப்பு என் மடியிலேயே இருந்தது. படத்தில் எல்லோரும் அழகாகத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மேடமும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சிறையில் கிடந்த மகனின் படத்தோடு வட அயர்லாந்தின் டெரி நகரத்திலிருந்து ஒரு தாய் வந்ததையும், அவரைத் தானே வெளியே இருந்த மர வாங்கில் உட்காரவைத்ததையும் சொன்னார். உள்ளே நாட்டை ஒன்றாக்கும் தீர்மானத்தின் ஒரு வசனத்துக்காக எம்.பி.க்கள் மணிக்கணக்காகப் பிடுங்குப்பட்டார்களாம். தேநீர்த் தட்டோடு மூன்று தரம் அந்தத் தாயைக் கடந்து போயிருக்கிறார் மேடம். கூட்டம் முடிந்து பார்த்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. "நாட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் இருந்தது. அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட இருக்கவில்லை" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மணி வைத்துப் பழக்கியது அதற்குப் பிறகுதான். ஒரு எம்.பி. உண்மையாகக் காது கொடுப்பது எட்டு நிமிடம் என்பது அவருடைய கணக்கு. எங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்கு மேடமே தினமும் தொலைபேசி எடுத்து, அவர்கள் களைத்துப்போய் இன்னொரு நாள் தரும்வரை விடவில்லை. அன்று நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவரும் வந்தார். எங்கள் தலைவர் அண்ணை திருந்துகிற ஆளா? பையிலிருந்து இன்னொரு பொன்னாடையை எடுத்து விரித்தார். மேடம் எட்டி அதை வாங்கித் தன் தோளில் போர்த்திக்கொண்டார். "நன்றி, எனக்குக் குளிருது. இனி இந்தப் பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது இப்படித்தான் கேட்டது. நான் தம்பியின் கதையைச் சொன்னேன். எம்.பி. தன் கையாலேயே தம்பியின் பெயரை எழுதிக்கொண்டார்.

எம்.பி. எழுதிய கடிதத்துக்குக் கொழும்பிலிருந்து அரசாங்கத்தின் பதில் வந்தபோது மேடம் இறந்து இரண்டு மாதம். மூன்றே வரி. தம்பியின் பெயரை எழுதி, அப்படி ஒருவரைப் பற்றித் தங்களிடம் பதிவு இல்லை என்று முடித்திருந்தார்கள். இந்த மூன்று வரிக்கா அந்தக் கிழவியை அவ்வளவு அலையவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவன்ரை பேர் அதிலை போட்டிருக்கோ?"

"ஓம் அம்மா. முழுப் பேரும் இருக்கு."

"அப்ப இனி அவங்கள் அப்பிடியொரு பேரைக் கேள்விப்படேல்லை எண்டு சொல்லேலாது. திருப்பி எழுது, பிள்ளை."